சூசை அண்ணாச்சியின் 'கரண்ட் பில்'

சூசை அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் அன்றைக்குக் காலையிலேயே மூன்று தடவை படுத்துவிட்டது.

கல்யாணப் படத்தைத் திறப்பார். பெண்ணின் முகத்தில் வெயில் அடித்த இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சரி செய்வார். சேமிக்கப் போகிற நேரத்தில் திரை அப்படியே நின்றுவிடும். பிறகு போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொள்ளும். செய்ததெல்லாம் போச்சு.

"சனியன் பிடிச்சது!" என்று மௌஸை மேசையில் குத்தினார்.

தூத்துக்குடியில் கல்யாண ஆல்பம் செய்கிற கடை அது. நான் அங்கே அட்டை ஒட்டுகிறவன். கடையை நடத்துகிறவர் ஜெபராணி டீச்சர். முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர், அதனால் டீச்சர். வயது முப்பத்தாறு. அண்ணாச்சிக்கு நாற்பத்தொன்பது. ஏழு வருஷத்துக்கு முன்னால் மௌஸைப் பிடிக்கக்கூடத் தெரியாமல் வந்தவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது டீச்சர்தான். எங்கள் கடையில் சீடருக்குத்தான் நரை.

போன வருஷம் இசக்கி என்று ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு வயிற்றெரிச்சல். அவள் செய்த ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள், "யாருங்க செஞ்சது?" என்று கேட்பார்கள். அண்ணாச்சி செய்ததைப் புரட்டுகிறவர்கள், "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். எனக்கு ரெண்டும் ஒன்றுதான். அண்ணாச்சிக்கு அப்படியில்லை. இசக்கி பெயரைக் கேட்டாலே காது சிவந்துவிடும்.

இப்போது கையில் இருந்தது அவருடைய அக்கா மகள் ஜெனிட்டாவின் கல்யாண ஆல்பம். ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷனோடு மஸ்கட் போகிறாள். "தாய்மாமன் என் கையால செஞ்சு தாறேன்" என்று பந்தியில் எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் புதன்கிழமை.

சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் தூசி தட்டினார். மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "என் கம்ப்யூட்டர ஒருத்தனும் தொடக் கூடாது" என்று பாய்ந்தார். பிறகு டீச்சரிடம் போனார்.

"டீச்சர், எனக்கு மட்டும் ஏன் படுக்கு? அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளும் படுக்கலியே?"

"ரெண்டும் ஒரே நாள்ல வாங்குனது அண்ணாச்சி."

"அப்ப நல்லதப் பாத்து அவளுக்குக் குடுத்துட்டீங்க. ஓட்ட ஒடசல என் தலையில கட்டிட்டீங்க."

டீச்சர் கோபப்படவில்லை. "இசக்கி, நீ அண்ணாச்சி இடத்துல போய் உக்காரு. அண்ணாச்சி, நீங்க அவ இடத்துக்கு வாங்க."

"சரிக்கா" என்று இசக்கி தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். அண்ணாச்சிக்கு இடம் மாற மத்தியானம் வரை ஆனது. ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி எதையோ மிச்சமில்லாமல் வழித்து ஏற்றினார், அப்புறம் இங்கே கொண்டுவந்து இறக்கினார். திரையை உடம்பால் மறைத்தபடியே செய்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குள் இசக்கியின் பழைய கம்ப்யூட்டர் அண்ணாச்சி கையில் ரெண்டு தடவை படுத்தது. அண்ணாச்சியின் பழைய கம்ப்யூட்டரோ அவளிடம் சொன்னபடி கேட்டது. அவள் பாட்டு வேறு கேட்டுக்கொண்டு வேலை செய்தாள்.

அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மை கிய் வச்சிருக்காளா டீச்சர்? அவ தொட்டா ஓடுது, நான் தொட்டா சாவுது!"

"நாளைக்குக் காலைல ஜெனிட்டா ஆல்பம் பிரிண்டுக்குப் போகணும். இன்னொரு தடவ படுத்தா இசக்கிதான் முடிக்கணும்."

"என் மருமவ ஆல்பத்த அவளா? அதுக்கு ஆல்பமே வேண்டாம்!"

டீச்சர் இசக்கியைச் சாப்பிட அனுப்பினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இடம் மாறும்போது என்னென்ன கொண்டுவந்தீங்க?"

"சோத்து டப்பா. கண்ணாடி. மாதா படம்."

"வேற?"

"ஜெனிட்டா போட்டோ எல்லாம்."

"வேற?"

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

"சாஃப்ட்வேர் ஓடணும்னா டிஸ்க்ல காலி இடம் வேணும்னு மொத வாரமே சொல்லிக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இதுல எவ்வளவு காலி?"

"ஒண்ணுமில்ல."

டீச்சர் மௌஸை வாங்கினார். டிஸ்க் முழுவதையும் ஒரே ஒரு ஃபோல்டர் அடைத்துக்கொண்டிருந்தது. 'கரண்ட் பில்' என்று பெயர்.

"நம்ம கடைக்கு இவ்வளவு பெரிய கரண்ட் பில்லா?"

திறந்தார். எண்பத்தொரு ஆல்பம். அத்தனையும் இசக்கி செய்தது. கடையின் பெரிய டிஸ்க்கிலிருந்து அண்ணாச்சி ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறார். அட்டை ஒட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"எதுக்கு அண்ணாச்சி?"

"தினம் காலைல வந்ததும் பாப்பேன்."

"பாத்து?"

"குத்தம் கண்டுபிடிப்பேன்."

"கெடச்சுதா?"

"மூணு கெடச்சுது."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா திருத்திருவாளே!"

நான் சிரிப்பை அடக்கப் பசை டப்பாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. டிஸ்க் முழுக்க மேலும் கீழும் தேடினார்.

"ஏழு வருஷமா நீங்க செஞ்ச ஆல்பம் ஒண்ணுகூட இதுல காணமே?"

"இடம் பத்தல டீச்சர். என்னோடத எல்லாம் அழிச்சுட்டேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அவளுக்குத் தோணுது, எனக்குத் தோண மாட்டேங்குது. அதான் எரியுது டீச்சர். வீட்டுக்குப் போனாலும் எரியுது. சோறு எறங்க மாட்டேங்குது."

"தெரியும்."

"இத அழிச்சுட்டா எனக்கும் அவள மாதிரி வந்துருமா?"

டீச்சர் மௌஸை அவர் கைப்பக்கம் தள்ளி வைத்தார்.

"இசக்கி சேர்ந்த மொத வாரம் என்கிட்ட வந்து அழுதா. 'அண்ணாச்சி மாதிரி எனக்கு வராதுக்கா, என்ன அனுப்பிருங்க'ன்னா. ஒங்க ஆல்பம் எல்லாத்தையும் கேட்டா. காப்பி போட்டுக் குடுத்தேன். ரெண்டு நாள் பாத்தா."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "என்னோடதயா? பொறவு?"

"அழிச்சுட்டு, அவ வேலயப் பாக்க ஆரம்பிச்சா."

அண்ணாச்சி மௌஸைக் கையில் எடுத்தார். இசக்கி சாப்பிட்டுவிட்டு வந்து, "என்ன அண்ணாச்சி, இன்னும் சாப்பிடலியா?" என்று கேட்டபோதும் திரையை விட்டுத் திரும்பவில்லை. அன்று சாயங்காலம் வரை அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.