பொம்மக்காவும் பதினெட்டு மூஞ்சியும்

ஒரு ஊர்ல ஒரு பொம்மக்கா இருந்தா. 'ம்' சொல்லுடி. சொல்லலைன்னா கதையை நிறுத்திட்டு நான் படுத்துக்குவேன். ஆங், அப்படி! அவ புருஷன் சென்றாயன் பதினெட்டு செம்மறி வச்சிருந்தான். ஆடு அவன் பாடு, அடுப்பு இவ பாடு. ஒரு நாளு அவன் பாறையில சறுக்கி தடால்னு விழுந்தான். காலு முறிஞ்சுபோச்சு. மூங்கில் பத்தை வச்சுக் கட்டி, ஒரு மாசம் எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க.

அப்போ பாரு, இன்னும் மூணே நாள்ல ஆட்டுக் குளியல். ரோமம் கத்தரிக்கறதுக்கு முன்னாடி ஊர் ஆட்டையெல்லாம் ஒண்ணா ஏரியில இறக்கிடுவாங்க, தொபுக் தொபுக்னு. வீட்டுக்கு வீடு சாயக் குறி போட்டிருப்பாங்கல்ல, அது தண்ணி பட்டதும் கரைஞ்சிடும். அப்புறம் அவங்கவங்க ஆட்டை மூஞ்சி பார்த்துத்தான் பிடிக்கணும். பொழுது சாயறதுக்குள்ள பிடிக்காத ஆடு ஊர்ப் பொதுவுக்குப் போயிடும். பொம்மக்கா வீட்டுக்கு அந்தப் பதினெட்டுதானே கஞ்சி!

"எல்லாம் ஒரே ஆடா தெரியுதே மாமா"ன்னு அழுதா.

"பேரு சொல்றேன், மனசுல வாங்கிக்கோ"ன்னான் சென்றாயன். அவன் கட்டிலை ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டாங்க.

முத நாளு அவ மூளையை நம்பாம, பழைய சேலையைக் கிழிச்சு எல்லா ஆட்டுக் கழுத்துலயும் கட்டிவிட்டா. இது ஒண்ணும் பெரிய வேலை இல்லைன்னு நினைச்சா. சாயங்காலம் பார்த்தா ஒரு துணியைக் காணோம். ஒண்ணு கழுத்துல கட்டினதை இன்னொண்ணு நறுக் நறுக்னு தின்னுடுச்சு! சிரிக்காதடி, நல்ல சேலை அது.

அப்புறம் ரெண்டாம் நாளு. செவலை, மயிலை, காரி, சுட்டின்னு ராப்பகலா கடகடன்னு ஒப்பிச்சா. கண்ணே மூடலை. விடிஞ்சதும் அவன் ஒரு ஆட்டைக் காட்டி, "இது யாரு?"ன்னான். அவ மறுபடியும் செவலையிலிருந்து ஆரம்பிச்சா. ஏழாவது பேரு வர்றதுக்குள்ள தூங்கி விழுந்துட்டா. ஆடு "ம்மே"ன்னுட்டுப் போயிடுச்சு. பேரெல்லாம் வாயில இருக்கு, மூஞ்சி ஒண்ணும் மனசுல இல்லை.

மூணாம் நாளு அவளுக்கே கோவம் வந்துடுச்சு. மூணே மூணு ஆட்டைப் பிடிச்சா. நல்லாப் பார்த்தா. அப்புறம் முதுகைத் திருப்பிக்கிட்டு, பார்க்காமலே சொன்னா. "காரிக்கு இடது கொம்பு கோணல்."

"வலது கொம்புடி!"

திரும்பி இன்னொரு தரம் பார்த்தா. அது பதிஞ்சுது. அப்புறம் அடுத்த மூணு. நடு நடுவுல சென்றாயன் பழைய ஆட்டைக் கேட்பான், வரிசையை மாத்தி மாத்திக் கேட்பான். மறந்ததை மட்டும் போய்ப் போய்ப் பார்ப்பா. பதினெட்டும் ஆனதும், இருட்டுறதுக்குள்ளயே சோறு தின்னுட்டு நல்லாத் தூங்கினா. காலையில பட்டிக்குப் போறதுக்கு முன்னாடி மனசுக்குள்ளயே எல்லாத்தையும் கூப்பிட்டுப் பார்த்தா. பதினாறு வந்துச்சு. வராத ரெண்டை மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்தா.

தூங்கிட்டியா? ம். கேளு.

ஏரிக்கரையில ஒரே கத்தல், ஒரே ஈரம். பொம்மக்கா சரசரன்னு பதினேழைப் பிடிச்சுட்டா. பதினெட்டாவது ஆட்டுக்குப் பேரு ஓலைக்காது. அதைப் பக்கத்து வீட்டு வீருசின்னுங்கறவன் பிடிச்சு வச்சிருந்தான்.

"அண்ணே, அது எங்களுது."

"ஏன் தாயி, என்னோடதுன்னு நினைச்சேனே! எங்கே, அடையாளம் சொல்லு."

பொழுது சாயுது. பொம்மக்கா ஆட்டைப் பார்க்கலை. முதுகைத் திருப்பிக்கிட்டா. கண்ணை மூடினா. "இடது காது நுனி பிளந்திருக்கும். கீழ்வரிசையில ஒரு பல்லு கருப்பு. வாலுக்கடியில மச்சம்"னா.

வீருசின்னு ஆட்டு வாயைத் திறந்து பார்த்தான், வாலைத் தூக்கிப் பார்த்தான். சிரிச்சுட்டான். "எனக்கே இப்படித் தெரியாதே! கூட்டிட்டுப் போ தாயி."

கட்டில்ல கிடந்தவன் விரலை விட்டு எண்ணினான். பதினெட்டு. அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "இனி எனக்குக் காலு சேர்ற வரைக்கும் கவலையில்லை"ன்னான்.

"சேர்ந்தப்புறமும் பாதி என் பாடு"ன்னா பொம்மக்கா. "எனக்கு அதுகளைப் பிடிச்சுப்போச்சு."

ஆடு பட்டியில, கதை காதுல, நீ பாயில. கண்ணை மூடு கண்ணு.