ஹெரால்டின் நாலாவது மூலை

“எப்ப மாஸ்டர் வெட்டுறது?” என்றாள் ஜெசிந்தா.

“கார் கதவு ஒழுங்கா சாத்தினதும்” என்றார் ஹபீப்.

“இதையேதான் மூணு வாரமா சொல்றீங்க.”

“கதவும் மூணு வாரமா சாத்தலையே அக்கா.”

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஹபீபுக்கு முப்பத்துமூன்று. பாலக்கரையில் இருந்த அவருடைய பட்டறைக்குப் போய், ‘செய்து கொடுக்க வேண்டாம், சொல்லிக் கொடுங்கள்’ என்று அவள் கேட்ட அன்று அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத முதல் ஆண்பிள்ளை. அதனாலேயே மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்தப் பட்டறையில் நாலு ஜாக்கிமேல் நின்ற கார் ஒரு பழைய ஹெரால்ட். கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. வீடு, மனை, ஏன், கேஸ் சிலிண்டர்கூட அவள் கணவர் பெனடிக்ட் பெயரில். அவள் பெயரில் இருந்தது இது ஒன்றுதான். இதன் அடிச்சட்டத்தையும் துரு தின்றுவிட்டது. விரலால் குத்தினால் அப்பளமாக நொறுங்கியது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும்.

“சனிக்கிழமை காலைல வந்து பாப்பேன்” என்று பெனடிக்ட் சொல்லியிருந்தார். “அப்பவும் இப்படியே நின்னா, பழைய இரும்புக்கு ஏத்திடுவேன்.”

அன்று வியாழன்.

“இப்பவே வெட்டினா என்ன ஆயிடும்?” என்றாள், வீம்புக்கு.

“மேல பாடி முறுக்கிக்கிட்டு நிக்குது, அதான் கதவு சாத்தல. அப்படியே அடியில புதுச் சட்டத்தை வெல்டு வச்சா, ஆயுசுக்கும் அந்த முறுக்கல்தான். அப்புறம் யாராலயும் நிமிர்த்த முடியாது.”

“அது எனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா குடித்தனம் பண்றேன்.”

இதற்குத்தான் ஹபீப் சிரித்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. டேப்பை இழுத்துப் பிடித்தாள்.

“நீங்களே வந்து பாருங்க. நாலு மூலையும் தரையிலேர்ந்து பதினெட்டு இன்ச். ஒரு நூல் கூடக் குறைய கிடையாது. கான்வென்ட்ல மேத்ஸுக்கு மெடல் வாங்கினவ நான். என் அளவுல தப்பு இல்ல. இந்தக் கார்தான் கழுதை.”

ஹபீப் குனிந்து பார்க்கவில்லை. தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு வந்தார். காருக்கு அடியில் வீசினார்.

“ஐயோ! ஏற்கெனவே துரு!”

அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு நகர்ந்தது. மூன்று மூலைகளையும் விட்டுவிட்டு, இடது பின்மூலையில் போய்க் குட்டையாகத் தேங்கியது. என்றைக்கோ வண்டி கழுவுவதற்காக அந்த மூலையில் மட்டும் தரையைச் சாக்கடைப் பக்கம் சரித்துப் பூசியிருந்தார்கள்.

ஜெசிந்தா குட்டையைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். மெடல் வாங்கிய மூளைக்கு மூன்று வாரமாகத் தரைமேல் ஒரு சந்தேகம்கூட வரவில்லை.

ஹபீப் திரும்பி வந்தார்.

“இதை வாயால சொன்னா முத்தா உதிர்ந்துடும்?”

“சொன்னா நீங்க கேப்பீங்களா?”

அவள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயைக் கடன் வாங்கி வந்தாள். குழாயின் ஒரு முனை இந்த மூலையில், மறு முனை அந்த மூலையில். தண்ணீர் சொன்ன இடத்தில் கோடு கிழித்தாள். இடது பின்மூலையை ஜாக்கியால் ஏற்றினாள், நிறுத்தினாள், மறுபடி ஏற்றினாள். மொத்தம் இரண்டே கால் இன்ச். மதியச் சோற்றை மறந்தே போனாள்.

சாயங்காலம் கதவைத் தொட்டாள். தள்ளக்கூட இல்லை. சாத்திக்கொண்டது. மறுபக்கத்துக் கதவும் அப்படியே. பாடி இனி அசையாதபடி உள்பக்கமாகக் குறுக்குக் கம்பிகள் வைத்து இறுக்கினாள்.

சனிக்கிழமை காலை பெனடிக்ட் லாரியோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன ஜெசி இது? நாய் காலைத் தூக்கின மாதிரி நிக்குது!”

லாரி டிரைவர் வாய்விட்டுச் சிரித்தான்.

“கதவு சாத்துது” என்றாள். “சாத்திப் பாருங்க.”

“கதவு கெடக்கட்டும். எனக்குக் கண்ணு இல்லையா? பின்னால ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. கோணல்னு குருடன்கூடச் சொல்லுவான். என்ன பாய், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?”

ஹபீப் கை துடைத்துக்கொண்டே வந்தார். காரைச் சுற்றினார். பெனடிக்ட் பக்கத்தில் போய் நின்று, அவர் மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“சார் சொல்றதும் சரிதான் அக்கா. பாக்க லட்சணமா இல்ல. அந்த மூலையைக் கொஞ்சம் இறக்கிடுவோம்.”

உட்கார்ந்து ஜாக்கியின் பிடியில் கை வைத்தார்.

“கையை எடுங்க” என்றாள் ஜெசிந்தா.

“நான் உங்க மாஸ்டர், அக்கா.”

“மாஸ்டரா இருந்தா என்ன, பிஷப்பா இருந்தா என்ன? கார் நேராத்தான் நிக்குது. தரை கோணல். அதுமேல நின்னுக்கிட்டுப் பாக்கிறதால உங்க ரெண்டு பேருக்கும் தெரியல. எடுங்க கையை!”

லாரி டிரைவர் தன் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

ஹபீப் கையை எடுத்தார். எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த கட்டிங் மெஷினை இறக்கி, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.

“ஜெசி, நான் என்ன சொல்ல வர்றேன்னா...” என்று பெனடிக்ட் ஓரடி முன்னால் வந்தார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“தள்ளி நில்லுங்க” என்றாள். “பொறி பறக்கும்.”