மூணாய்க் கிழிந்த டிக்‌ஷனரி

இளம்பரிதியின் கல்யாணம் ஒரே ஒரு ஆங்கிலப் பரீட்சையில் தொங்கிக்கொண்டிருந்தது. "பட்டம் வாங்கின மாப்பிள்ளைக்குத்தான் என் பொண்ணு" என்று மங்கையற்கரசியின் அப்பா ஒரே பிடியாக நின்றார். அவனோ மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் எழுத்துப்பிழையிலேயே கவிழ்ந்திருந்தான், பாவம்.

விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்த சூசைராஜும் காஜாமைதீனும் சளைத்தவர்களா என்ன? அதே தாள், அதே கதி.

பேராசிரியர் அருமைநாயகம் நொந்துபோய்ச் சொன்னார்: "தனித்தனியா முட்டிக்கிட்டா எப்படிடா? மூணு பேரும் டிக்‌ஷனரியைப் பங்கு போட்டுப் படிங்க."

அட, இது இத்தனை நாள் தோன்றாமல் போச்சே! அன்றைக்கே டிக்‌ஷனரியை மூன்றாகக் கிழித்தார்கள். 'ஏ' முதல் 'ஐ' வரை இளம்பரிதிக்கு. 'ஜே' முதல் 'ஆர்' வரை சூசைக்கு. மிச்சம் காஜாவுக்கு.

"எங்களுக்கு ஒன்பது எழுத்து, இவனுக்கு மட்டும் எட்டா?" என்று சூசை முறைத்தான்.

"எட்டுன்னாலும் 'எஸ்' எம்புட்டு கனம்னு தூக்கிப் பாருடா!" என்றான் காஜா.

பேச்சு முற்றி, மளிகைக்கடைத் தராசுக்குப் போனார்கள். காஜாவின் பங்கு ஐம்பது கிராம் கூட இருந்தது. நியாயம்னா நியாயம்தானே? கூடுதல் பக்கங்களைக் கிழித்துக் கடைக்காரருக்கே கொடுத்தார்கள். அவர் அதில் பொட்டுக்கடலை மடித்தார்.

அடுத்தவன் பங்கைத் தொடுவதில்லை என்று சத்தியமும் ஆயிற்று.

பரீட்சையில், காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லிக் கேள்வி. 'ஐ ஹேவ் ஃபீவர்' என்று எழுதினான் இளம்பரிதி. ஒரு பிழை கிடையாது! அடுத்து 'லீவ்' எழுத வேண்டும். அது சூசையின் சொத்தாச்சே, தொடலாமா? "மீதிக்கு அடுத்த அறையில் சூசைராஜ் தாளைப் பார்க்கவும்" என்று தமிழில் குறித்துவிட்டு எழுந்து வந்தான். சூசை 'லீவ், ப்ளீஸ்' என்பதோடு நிறுத்திக்கொண்டான். காஜா 'சார், தேங்க் யூ' மட்டும் எழுதினான்.

தாள் திருத்திய அருமைநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். "மூணையும் சேர்த்தாத்தான்டா ஒருத்தன் பாஸாவான், தடிப்பயல்களா!"

"பாஸாம்டா!" இளம்பரிதிக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாளே மூவரும் ஒரே நிறச் சட்டையில், பூ பழத் தட்டோடு பெண் வீட்டுக்குப் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

பெண்ணின் அப்பா குழம்பினார். "மாப்பிள்ளை நீங்கதானே தம்பி? இவங்க ரெண்டு பேரும் யாரு?"

இளம்பரிதி எழுந்து பணிவாகச் சொன்னான்: "நான் மூணுல ஒரு பங்கு மாப்பிள்ளைதான் மாமா. நீங்க பாஸான மாப்பிள்ளை வேணும்னீங்களே, அதான் மீதியையும் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."