ஆவரங்காட்டுக் கண்மாயின் மீன்

எங்கள் தாலுகாவில் கண்மாய்களுக்குக் குறைவில்லை. எதற்குப் போவது என்பதில்தான் ஞாயிறுதோறும் பாதிக் காலை கழியும். தூண்டில் போடுகிறவர்கள் மூன்று பேர்: தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற காசிலிங்கம், மோட்டாருக்குக் காயில் கட்டும் அடைக்கலம், பள்ளிக்கூட டீச்சரான நான். கார் என்னுடையது. அதனால் முடிவும் என்னுடையது.

அன்றைக்குக் காசிலிங்கம் உடையான் கண்மாய் என்றார். பக்கத்தில்தான், ஜிலேபிக் கெண்டை நிச்சயம். அடைக்கலம் ஒரு மணி நேரம் போகவேண்டிய ஆவரங்காட்டுக் கண்மாய் என்றார். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். அது அவர் மனைவி பூமயிலின் ஊர். மூன்று வாரமாக அவள் அங்கேதான் இருக்கிறாள். அவளுடைய அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்தில், பெண்வீட்டுக்கு நாற்பது ஏக்கர் தென்னந்தோப்பு என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அடைக்கலம் அளந்துவிட்டார். இருந்தது நான்கு மரம். கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. "உன் வாயோட நீயே குடும்பம் நடத்து" என்று அவள் அண்ணனோடு போய்விட்டாள். போய் அழைத்துவர இவருக்கு ரோஷம். மீன் பிடிக்கப் போவதென்றால் ரோஷத்துக்குப் பங்கமில்லை.

"டீச்சர், அங்க தூண்டிலே வேண்டாம்" என்றார் அடைக்கலம். "மண்புழு டப்பாவைத் திறந்து வாசம் காட்டுனாப் போதும். கரையேறி வரிசையில நிக்கும். நடுவுல புகுற மீனை மத்த மீனெல்லாம் வாலால அடிக்கும்."

"ரேஷன் கார்டும் கொண்டு வருமா?" என்றார் காசிலிங்கம்.

"சிரிங்கண்ணே. போன வருசம் ஒரு கெண்டை பிடிச்சோம். அது செதிலை வச்சுத்தான் எங்க மச்சான் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டாரு."

"ஆணி அடிச்சா, கயிறு கட்டியா?"

"ஆணி எதுக்கு? அது முள்ளு இருக்குல்ல. ஒரே கஷ்டம், மழை பெஞ்சாக் கூரை நீந்தப் பாக்குது. நாலு மாட்டையும் உத்தரத்துல கட்டித்தான் பிடிச்சு வைக்கணும்."

நான் காரைக் கிளப்பினேன். முக்குரோட்டில் இடப்பக்கம் உடையான், வலப்பக்கம் ஆவரங்காடு.

"அந்தக் கெண்டை குட்டி" என்றார் அடைக்கலம் அவசரமாக. "அதோட ஆத்தா இன்னும் உள்ளதான் கெடக்கு. அங்க மடையே திறக்கிறதில்ல டீச்சர். அது புரண்டு படுத்தா ஆறு ஊரு வயலு பாயும். கார்த்திகையில புரளச் சொல்லிப் பஞ்சாயத்துல தீர்மானமே போட்டோம்."

"அது கேட்டுச்சா?" என்றேன்.

"மொதல்ல கேக்கல. பட்டா உள்ளவங்க கையெழுத்து வேணும்னுச்சு."

காசிலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அதையும் ஒருவாட்டி தூண்டில்ல மாட்டுனேன்" என்றார் அடைக்கலம். "நான் அதை இழுக்கல, அது என்னை இழுத்துச்சு. மூணு நாளு, கண்மாயைச் சுத்திச் சுத்தி. பொழுது சாயுறப்போ பூமயிலு தூக்குச்சட்டியில சோறு கொண்டாந்து கரையில நிப்பா. அந்த எடம் வந்தா மீனு தானா நின்னுரும். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நிக்கும்."

காசிலிங்கம் திரும்பி அடைக்கலத்தைப் பார்த்தார். நான் வலப்பக்கம் திருப்பினேன்.

ஆவரங்காட்டில் உச்சிவெயில் வரை எங்கள் தக்கைகள் அசையவே இல்லை. கடைசியில் அடைக்கலத்தின் தூண்டிலில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கெண்டை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கரைமேல் பூமயில்.

"மீன் பிடிக்கத்தான் வந்தேன்" என்றார்.

"தெரியுது."

"இது... பெருசெல்லாம் உள்ள..."

"நெசமா ஒரே ஒரு வார்த்தை சொல்லு" என்றாள் பூமயில். "சொன்னா வர்றேன்."

அடைக்கலம் வாயைத் திறந்தார், மூடினார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. கையிலிருந்த மீன் துள்ளித் தண்ணீரில் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மூணு வாரமா வீட்டுல பேச முடியல" என்றார். "நான் சொன்னா நம்புறதுக்கு ஆளில்ல, பூமயிலு."

அவள் கரையிறங்கி வீட்டுக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்துத் துணிப்பையோடு வந்தாள். காசிலிங்கம் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டார். அவள் பின்னால் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் ஊரெல்லை தாண்டியபிறகுதான் பேசினாள்.

"நான் என்னைக்கு நம்புனேன்? கேட்டுக்கிட்டு இருந்தேன், அம்புட்டுதான்."