அல்லிக்குளத்துக் கிழங்குக் கடை

அல்லிக்குளத்தின் கரையில் காட்டு விலங்குகளின் சந்தை நடந்துவந்தது. பழம் கொடுத்துத் தேன் வாங்கும். தேன் கொடுத்துக் கொட்டை வாங்கும். அந்த ஆண்டு மழை பொய்த்தது. குளம் வற்றியது. மிச்சம் இருந்ததை எல்லா விலங்குகளும் பதுக்கிக்கொண்டன. சந்தைப் பக்கம் ஒரு குருவிகூட வரவில்லை.

மின்னி என்ற முயலிடம் இருந்தது ஒரு கூடை இலந்தை வற்றல்தான். அதுவும் தீர்ந்தால்? வெடித்துக் கிடந்த குளத்தையே பார்த்துக்கொண்டிருந்த மின்னி சட்டென்று துள்ளி எழுந்தது.

"அல்லிக்கொடி காய்ந்தால் என்ன? கிழங்கு மண்ணுக்குள் இருக்குமே!"

ஆனால் இறுகிய மண் அதன் சின்னக் கால்களுக்கு அசையவில்லை. மின்னி, கட்டையன் என்ற காட்டுப்பன்றியிடம் ஓடியது.

"அண்ணே, நீ தோண்டு! கூலியாக வற்றல் தருகிறேன். கிழங்கிலும் பங்கு உண்டு!"

"சும்மாதானே படுத்திருக்கிறேன். வா, போகலாம்!"

குகை வாசலில் நின்ற கரடி கருமன் விழுந்து விழுந்து சிரித்தது.

"இருப்பதையும் தொலைக்கப் போகிறாயா? என்னைப் பார்! தேனடை எல்லாம் உள்ளே பத்திரம்!"

கரையோரம் தோண்டினால் கல்தான் வந்தது. கூடையில் பாதி காலி. கரடி சொன்னது சரிதானோ என்று மின்னி கூடைக்குள் எட்டிப் பார்த்தது.

"போதும் தங்கச்சி! மூக்கு எரிகிறது!"

"அண்ணே, நடுக்குளத்தில் ஒரே ஒரு தடவை! அங்கே மண்ணில் ஈர வாசம் அடிக்கிறது!"

மீதி வற்றலையும் மின்னி அதன் முன்னால் கொட்டியது. கட்டையன் முனகிக்கொண்டே மண்ணைக் குத்திப் புரட்டியது. கொத்துக் கொத்தாகக் கிழங்கு!

"அடியம்மா!" என்று மின்னி குட்டிக்கரணம் போட்டது.

கரையிலேயே கடை போட்டது. தோல் உரிக்கக் குரங்குகள் கூலிக்கு வந்தன. கூவி விற்க மயில் வந்தது. பதுக்கிவைத்த பழமும் கொட்டையும் கிழங்கு வாங்குவதற்காக வெளியே வந்தன. சந்தை மறுபடி களைகட்டியது.

ஒரு நாள் கருமன் தேனடையோடு தயங்கி நின்றது.

"தேனையே நக்கி நக்கித் திகட்டிவிட்டது, மின்னி. எனக்கும் ஒரு கிழங்கு..."

"தாராளமாக! தேனில் தொட்டுத் தின்றால் இன்னும் ருசி. வா, நீயும் கூட்டாளி!"

அன்று சந்தை முழுவதும் தேன் தொட்ட கிழங்கைத் தின்று விரலை நக்கியது.

நெருக்கடி வந்தால், இருப்பதைப் பூட்டிவைத்துப் புலம்புபவர் அல்ல, துணிந்து ஒரு தொழிலைத் தொடங்குபவரே தாமும் பிழைத்து ஊரையும் பிழைக்கவைப்பார்.