இரண்டு வேளைக்காரர்

“டாக்டரம்மா, எனக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?”

மாத்திரை டப்பாவை மேசைமேல் டொக்கென்று வைத்தார் வடிவழகன். வெல்டிங் பட்டறைக்காரர். ரத்தத்தில் எச்.ஐ.வி இருப்பது தெரிந்து, அதற்கான கூட்டு மருந்தை அன்றுதான் முதன்முதலாக வாங்கியிருந்தார்.

டாக்டர் ரெஹானாவுக்கு அவரைவிட வயது குறைவு, பொறுமை அதிகம்.

“என்ன ஆச்சு?”

“வெளியில பெஞ்சுல இருக்காரே மரியதாஸ், அவரும் இன்னிக்குத்தான் ஆரம்பிக்கிறாரு. அவருக்குக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எனக்கு நாளுக்கு ஒண்ணே ஒண்ணு. பாதி மருந்துல நான் பாதிதானே பிழைப்பேன்?”

இளைத்துப்போன வடிவழகன் உடம்பில் சட்டை தொளதொளவென்று தொங்கியது. இன்னும் தள்ளிப்போட்டால் ஆள் தேறுவது கஷ்டம். ஆனால் நியாயம் கேட்பதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

“உங்களுக்கு அது போதும்.”

“அவருக்குப் போதாதது எனக்கு மட்டும் எப்படிம்மா போதும்? மாத்தித் தர்ற வரைக்கும் ஒண்ணையும் முழுங்க மாட்டேன்.”

“அடுத்தவங்க வைத்தியத்தை நான் பேசக் கூடாது. மாத்திக்கச் சம்மதமான்னு அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க.”

வடிவழகன் வீராப்பாக வெளியே போனார்.

மரியதாஸ் முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பையையே நீட்டிவிட்டார்.

“தாராளமா எடுத்துக்குங்க அண்ணே. கூடவே இதையும் எடுத்துக்கணும்.”

பையின் அடியில் பட்டை பட்டையாக வேறு மாத்திரைகள்.

“இது என்ன?”

“டிபிக்கு. இதைச் சாப்பிட்டா அந்த மருந்தோட வீரியம் குறைஞ்சிடுமாம். அதைச் சரிக்கட்டத்தான் ரெண்டாவது வேளை.”

வடிவழகன் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

“நானும் இப்பத்தான் உள்ள போய்ச் சண்டை போட்டுட்டு வந்தேன்,” என்றார் மரியதாஸ். “அவரை ஒண்ணோட விட்டுட்டீங்க, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்னு.”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“காரணத்தைச் சொல்லிட்டு, வெளியில உட்காருங்க, அவரே உங்களைத் தேடி வருவாருன்னாங்க.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மரியதாஸுக்குச் சிரிப்போடு இருமலும் வந்தது. வடிவழகன் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். இருமல் நின்ற பிறகுதான் உள்ளே போனார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“மாத்திக்கிட்டீங்களா?”

வடிவழகன் டப்பாவின் மூடியைத் திருகினார்.

“கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.”