முதலை மெச்சிய பலகை

ஆலங்காட்டில் பெயர்ப்பலகை எழுதுவது கூரன் என்ற முள்ளம்பன்றியின் வேலை. அவன் உடம்பெல்லாம் முள். எழுத்தில் மட்டும் ஒரு கூர்முனை இருக்காது. எல்லாம் உப்பிய பூரி மாதிரி உருண்டு திரண்டு நிற்கும். அந்தக் காலத்து சோடாக் கடைப் பலகைகளின் பாணி அது. ஆரஞ்சு நிறம் அடித்து, ஓரத்தில் வெள்ளையாக ஒரு மினுக்கு வைத்தால் வேலை முடிந்தது.

கரடியின் தேன்மிட்டாய்க் கடைக்கும் குரங்குகளின் ஊஞ்சல் திருவிழாவுக்கும் அந்த எழுத்துதான். பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். கூரனுக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் காலை யானையக்கா வேகவேகமாக வந்தாள்.

"கூரா! குளத்துக்குப் புதுசா ஒரு முதலை வந்திருக்கு. மத்தியானம் மான்கள் தண்ணி குடிக்க வரும். அதுக்குள்ள ஒரு எச்சரிக்கைப் பலகை வேணும்!"

"இதோ ஆச்சுக்கா!"

'முதலை இருக்கிறது! இறங்காதே!' என்று எழுதினான் கூரன். அதே உருண்டை எழுத்து, அதே ஆரஞ்சு. வேறு மாதிரி எழுதத் தெரியாமல் இல்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கரையில் பலகையை நட்டதும் முதலை தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது.

"அடடா! இப்படியொரு பலகையை நான் எந்தக் குளத்திலயும் பார்த்ததில்ல தம்பி! அந்த முதல் எழுத்தை இன்னும் கொஞ்சம் கொழுகொழுன்னு போடேன்!"

கூரனுக்கு உச்சி குளிர்ந்தது. தன்னைப் பற்றிய எச்சரிக்கையை முதலை ஏன் மெச்ச வேண்டும் என்று யோசித்திருக்கலாம். பாராட்டு காதில் விழுந்த பிறகு யாருக்கு யோசனை வருகிறது! உடனே தூரிகையை எடுத்து எழுத்தைக் கொழுக்க வைத்தான்.

மத்தியானம் மான்கூட்டத்துக்கு முன்னால் வள்ளி என்ற மான் வந்தாள். பலகையைப் படித்தாள்.

"ஐ! இந்த முதலைக்குப் பல்லே முளைச்சிருக்காது போல!" என்று சிரித்தபடி தண்ணீரில் கால் வைத்தாள்.

கரையிலேயே நின்று தன் பலகையை ரசித்துக்கொண்டிருந்த கூரன், தண்ணீர் அசைவதைப் பார்த்துவிட்டான்.

"ஐயோ வள்ளி! கரைக்கு ஓடு!"

வள்ளி ஒரே துள்ளில் கரையில் விழுந்தாள். முதலையின் வாய் வெறும் காற்றைக் கடித்தது.

"பலகையைப் படிக்கலையா?" என்று பதறினான் கூரன்.

"படிச்சேனே! படிச்சா பயமே வரலையே!" என்றாள் வள்ளி.

கூரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலை எதற்காகப் பாராட்டியது என்பது இப்போதுதான் உறைத்தது. பலகையை ஒட்டச் சுரண்டினான். கறுப்பு நிறத்தில், தடித்த நேர்கோடுகளாக, மினுக்கு இல்லாமல் எழுதினான். பின்னால் வந்த மான்கள் படித்தன. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. எல்லாம் திரும்பி, தண்ணீர் குடிக்கக் காட்டுக்குள் இருந்த ஓர் ஊற்றுப் பக்கம் போயின.

மாலையில் முதலை பசியோடு எட்டிப் பார்த்தது.

"சே! என்னடா எழுத்து இது? பார்க்கவே சகிக்கல!"

"ரொம்ப நன்றி அண்ணே!" என்றான் கூரன். திட்டு வாங்கிக்கொண்டு அவன் அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான்.

எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், சொல்லவந்த சேதிக்குப் பொருந்தாவிட்டால் அது எதிரிக்குத்தான் உதவும்.